ஆணையிடும் வாயும் கேட்கும் செவியும்

"எனக்குத் தெரியாது." தலைமைப் பொறுப்பில் இருப்போர் நெருக்கடி வேளையில் முதலில் தேடிக் கொள்ளும் அடைக்கலம் இச்சொல்லே. சில வேளைகளில் அது பொய். அப்போது தீர்ப்புச் சொல்வது எளிது. ஆனால் பல வேளைகளில் அது உண்மை. தலைவருக்கு மெய்யாகவே தெரியாது. கீழே ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அவர் எழுதியும் வைத்தார். எழுதியது மேலே வரவில்லை. அல்லது வந்தும் எவரும் கருத்தூன்றிப் படிக்கவில்லை. இதற்கிடையில் மனிதர் துன்புற்றனர். நிலமும் நீரும் கெட்டன. அறியாதிருந்த தலைவர் இத்துன்பத்திற்குப் பொறுப்பாளியா? அல்லது அறியாமை அவரைக் குற்றத்திலிருந்து விடுவித்துவிடுமா?

இக்கேள்வியை இல்லத்தில் வைத்தும் ஆராயலாம். பள்ளியிலோ தொழிற்சாலையிலோ வைத்தும் ஆராயலாம். நாம் இங்கே படைத்துறையில் வைத்து ஆராய விழைகிறோம். ஏனெனில் தலைமை, கீழ்ப்படிதல், பொறுப்பு ஆகிய மூன்றும் அங்கேதான் மிகத் தெளிவான கோடுகளால் வரையப்பட்டுள்ளன. ஒருவர் சொல், ஓராயிரம் பேரின் செயலாக மாறும் இடம் அது. அங்கே தலைவர் மண்ணையும் நீரையும் மதித்தால், அவரைப்போல் அவற்றைக் காக்க வல்லவர் வேறெவரும் இலர். அவர் மதியாவிட்டால், கீழிருப்பவர் எத்துணை நல்லவராயினும் அவரால் ஆவது சிறிதே.

படையும் சுற்றுச்சூழலும் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது போர். முற்றுகையிட்ட நகரின் கனிமரங்களைக் கோடரிக்கு இரையாக்கலாகாது என்று இணைச்சட்ட நூலின் 20ஆம் அதிகாரமே விதித்துள்ளது. எனினும் வியட்நாமில் 1962 முதல் 1971 வரை அமெரிக்க வானூர்திகள் 7 கோடி லிட்டருக்கும் மேலான இலையுதிர்ப்பு நஞ்சைக் காடுகள்மீதும் வயல்கள்மீதும் பொழிந்தன. 1991இல் குவைத்திலிருந்து பின்வாங்கிய ஈராக்கியப் படை 600க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீயிட்டது. இயற்கைச் சூழலுக்குப் பரவலான, நெடுங்கால, கடுமையான சேதம் விளைவிக்கும் போர்முறைகளை 1977ஆம் ஆண்டின் ஜெனீவா கூடுதல் உடன்படிக்கை தடை செய்கிறது. இவை பற்றிப் பலரும் எழுதியுள்ளனர்.

ஆனால் படைகள் பெரும்பாலான நாட்களில் போரிடுவதில்லை. உண்கின்றன, உறங்குகின்றன, பயிற்சி பெறுகின்றன, வண்டிகளைப் பழுது பார்க்கின்றன, எரிபொருளைச் சேமிக்கின்றன, கழிவை எங்கோ கொட்டுகின்றன. நம் நாட்டில் பாதுகாப்புத் துறையின் கையில் மட்டும் ஏறத்தாழ 18 லட்சம் ஏக்கர் நிலம் உள்ளது. அமைதிக் காலத்தின் இந்த அன்றாட வாழ்விலேயே நம் கேள்வி கூர்மை பெறுகிறது. பகைவர்மீது பழி போட இங்கே வழியில்லை.

குழாய் நீரும் ஒரு தந்தையும்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலக் கடற்கரையில் லெஜூன் என்னும் மரைன் படைத்தளம் உள்ளது. அங்கே வீரர்கள் குடும்பத்தோடு வாழ்கிறார்கள். அத்தளத்தின் குடிநீரில் 1953 முதல் 1987 வரை நச்சுக் கரைப்பான்கள் கலந்திருந்தன என்பதை அந்நாட்டுச் சட்டமே இன்று ஏற்றுள்ளது. ஒரு குடியிருப்புக்கு நீர் தந்த கிணறுகளில், தளத்திற்கு வெளியே இருந்த ஒரு சலவையகத்தின் பெர்குளோரோஎத்திலீன் இறங்கியிருந்தது. மற்றொரு பகுதியின் கிணறுகளில், தளத்திற்குள்ளேயே இருந்த தொழிற்பட்டறைகளின் டிரைகுளோரோஎத்திலீனும், கசிந்த எரிபொருள் தொட்டிகளின் பென்சீனும் கலந்திருந்தன. அந்நீரைக் குடித்தும் குளித்தும் சமைத்தும் வாழ்ந்தோர் தொகை பத்து லட்சம் வரை இருக்கலாம் என மதிப்பிடுகின்றனர்.

நச்சு கலந்தது பெருந்துயரம். ஆனால் அறநோக்கில் நம்மை உறுத்துவது, அதற்குப் பின் நடந்தது. 1980 அக்டோபரில் தரைப்படையைச் சேர்ந்த ஓர் ஆய்வுக்கூடம் அத்தளத்தின் நீரை வேறொரு காரணத்திற்காகச் சோதித்தது. சோதித்த ஊழியர், தாம் தேடாத ஒன்றைக் கண்டார். நீர் பெரிதும் மாசுற்றுள்ளது என்று சோதனைத் தாளின் அடியில் கையால் எழுதினார். 1981 மார்ச்சில் மீண்டும் எழுதினார். இம்முறை கரைப்பான்கள் என்னும் சொல்லுக்குப் பின் வியப்புக்குறியும் இட்டார். 1982இல் ஒரு தனியார் ஆய்வுக்கூடம் அந்நஞ்சுகளின் பெயரையே குறித்துச் சொன்னது. தளத்தின் வேதியியலாளர் தம் மேலதிகாரிகளுக்கு அதைத் தெரிவித்தார். அவ்வாண்டு மே மாதத்தில் எடுத்த ஒரு மாதிரியில் நூறு கோடிப் பங்கு நீருக்கு 1,400 பங்கு டிரைகுளோரோஎத்திலீன் இருந்தது. பின்னர் அந்நாட்டுச் சட்டம் வகுத்த எல்லை 5 பங்கு.

கிணறுகள் மூடப்பட்டது எப்போது? 1984இன் இறுதியிலும் 1985இன் தொடக்கத்திலும். முதல் குறிப்புக்கும் மூடலுக்கும் இடையே நான்கு ஆண்டுகள். 1985இல் குடியிருப்பாளருக்கு அனுப்பிய அறிவிப்பிலும், மிக நுண்ணிய அளவில் சில வேதிப்பொருள்கள் காணப்பட்டதாகவே கூறப்பட்டது.

அத்தளத்தில் பணியாற்றிய ஜெரி என்ஸ்மிங்கர் என்னும் சார்ஜென்டின் மகள் ஜேனி. அவள் கருவில் இருந்தபோது அக்குடும்பம் அங்கே வாழ்ந்தது. அவள் இரத்தப் புற்றுநோயால் 1985இல் தன் ஒன்பதாம் வயதில் இறந்தாள். நீரில் நஞ்சு இருந்த செய்தியை அத்தந்தை அறிந்தது 1997இல்; அதுவும் தொலைக்காட்சிச் செய்தி ஒன்றின் வழியே. தாம் கால் நூற்றாண்டு உழைத்த படை தமக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதே அவரை வாட்டியது. அப்படையின் கொள்கைச் சொல் 'எந்நாளும் பிரமாணிக்கம்' என்பது. வீரன் படைக்குக் காட்டும் பிரமாணிக்கத்தைப் படையும் வீரனுக்குக் காட்ட வேண்டாமா என்பதே அவர் பல ஆண்டுகள் எழுப்பிய கேள்வி. 2012இல் நோயுற்றோரின் மருத்துவத்திற்கான சட்டத்தில் ஜேனியின் பெயர் இடம்பெற்றது. இழப்பீடு கோரி வழக்கிடும் உரிமை 2022இல்தான் சட்டமாயிற்று.

அதிகாரிகள் தரப்பில் சொல்லப்பட்ட மறுமொழியையும் நேர்மையோடு குறிப்பிட வேண்டும். அக்காலத்தில் இந்நஞ்சுகளுக்குச் சட்டம் எல்லை எதுவும் விதித்திருக்கவில்லை என்றனர். அது உண்மையே. ஆனால் சட்டம் பேசாத இடத்தில்தான் மனச்சான்று பேச வேண்டும். சட்டம் வாய் திறக்கும்வரை தானும் வாய் திறவாத மனச்சான்று, எழுத்தரின் பணியைச் செய்கிறதேயன்றி மனச்சான்றின் பணியைச் செய்யவில்லை.

எசேக்கியேல் இறைவாக்கினர் காவற்காரரைப் பற்றிக் கூறுவதை நாம் அறிவோம். வாள் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாத காவற்காரர் மக்களின் இரத்தத்திற்குப் பொறுப்பாளி. ஊதியும் மக்கள் எச்சரிக்கை கொள்ளாவிட்டால், அப்பழி மக்களையே சாரும். லெஜூனில் நாம் காண்பது இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாம் நிலை. காவற்காரர் ஊதினார், அவ்வொலி மேலே இருந்தோரை எட்டியது, அங்கேயே நின்றுபோனது. மக்களின் செவிக்கு அது வந்து சேரவேயில்லை. அந்த ஆய்வுக்கூட ஊழியரும் ஒரு காவற்காரரே. இரவில் பகைவரின் காலடி ஓசையைக் கேட்டுக் குரல் கொடுக்கும் வீரனை எந்தத் தளபதியும் அதட்டி உறங்க வைப்பதில்லை. நீரில் வந்த பகையைக் கண்டு குரல் கொடுத்தவருக்கு அம்மதிப்பு ஏன் கிடைக்கவில்லை?

தாளில் இருந்த கொள்கை

இதற்கு விடை, நல்ல கொள்கைகளை வகுப்பதே என்று சிலர் கூறுவர். கொள்கை வேண்டியதே. ஆனால் அது போதாது என்பதற்கு எயித்தி நாடு வேதனையான சான்று.

ஐக்கிய நாடுகள் அவை தன் அமைதிப்படை முகாம்களுக்கான சுற்றுச்சூழல் கொள்கையை 2009இல் வகுத்தது. முகாம்களின் கழிவுநீரை எவ்வாறு கையாள வேண்டும் என்பதும் அதில் அடங்கும். மறு ஆண்டு, 2010 அக்டோபரில், நிலநடுக்கத்தால் முன்னரே நொறுங்கிக் கிடந்த எயித்தியில் வாந்திபேதி வெடித்தது. நூறாண்டுகளாக அந்நாடு அறியாதிருந்த நோய் அது. மிர்பலே என்னும் ஊருக்கு அருகே, அமைதிப்படையின் முகாம் ஒன்றையொட்டி ஓடும் சிற்றோடையில் அது தொடங்கியது. அங்கிருந்து ஆர்த்திபொனித் என்னும் பேராற்றில் இறங்கி நாடெங்கும் பரவியது. 8 லட்சத்திற்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். இறந்தோர் ஏறத்தாழ 10,000 பேர்.

ஐ.நா. பொதுச் செயலர் அமர்த்திய வல்லுநர் குழு 2011இல் அறிக்கை தந்தது. அம்முகாமின் கழிவுநீர்க் குழாய்கள் ஒழுங்கின்றி அமைந்திருந்தன. மலக்கழிவை அகற்ற ஓர் ஒப்பந்தக்காரர் அமர்த்தப்பட்டிருந்தார். அவர் கொண்டுபோய்க் கொட்டிய குழியோ திறந்த குழி. மழை பெய்தால் வழிந்தோடும் இடம். ஓடைக்கு மாசு போகாமல் தடுக்க அம்முகாமின் ஏற்பாடுகள் போதா என்று குழு கண்டது. அமைதிப்படையின் பங்குக்காகப் பொதுச் செயலர் பான் கி மூன் எயித்தி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது 2016 டிசம்பரில்.

இங்கே எவரும் தீங்கு செய்ய எண்ணவில்லை. நோய்க்கிருமியைத் தம் உடலில் சுமந்து வந்த வீரர், அதைத் தாம் சுமப்பதையே அறிந்திருக்க மாட்டார்; அவர்மீது குற்றம் சாட்டுவது அநீதி. கொள்கை வகுத்தோர் நல்லெண்ணத்தோடுதான் வகுத்தனர். ஆனால் கொள்கைத் தாளுக்கும் கழிவுக் குழிக்கும் இடையே எத்தனை அலுவலர்கள், எத்தனை மேசைகள்! அவ்விடைவெளியைத் தம் கால்களால் நடந்து கடந்து, "வண்டி இக்கழிவை எங்கே கொட்டுகிறது?" என்று கேட்க ஒரு தலைவர் தேவைப்பட்டார். ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்ததோடு நம் கடமை முடிந்தது என்னும் எண்ணம், படைகளுக்கு மட்டும் உரிய நோய் அன்று. வேலையை ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைக்க இயலாது.

வெல்லக்கூடிய அறியாமை

அறநெறி இறையியல் அறியாமையை ஒரே வகையாகக் கொள்வதில்லை. எவ்வளவு முயன்றாலும் அறிந்திருக்க முடியாத நிலை ஒன்று. அது வெல்ல இயலாத அறியாமை. அதற்குக் குற்றமில்லை. தக்க முயற்சி எடுத்திருந்தால் அறிந்திருக்கக்கூடிய நிலை மற்றொன்று. அது வெல்லக்கூடிய அறியாமை. முயற்சியின் குறை எவ்வளவோ, பொறுப்பும் அவ்வளவு. இவ்விரண்டிலும் மோசமான மூன்றாவது ஒன்றுண்டு. அறிந்தால் செயல்பட வேண்டிவரும் என்பதற்காகவே அறியாதிருக்க விரும்புவது. புனித தாமஸ் அக்குவினாஸ் இத்தகைய அறியாமை, குற்றத்தைக் குறைப்பதற்கு மாறாகக் கூட்டவே செய்யும் என்று கருதினார். தலைவரிடம் இவ்வறியாமை அவர் உள்ளத்தோடு நின்றுவிடுவதில்லை. "இதையெல்லாம் என்னிடம் கொண்டு வராதீர்" என்னும் ஒரு சொல், ஏன், சொல் கூட வேண்டாம், ஒரு முகச்சுளிப்பு போதும். அன்று முதல் அலுவலகம் முழுதும் அவருக்காக அறியாமையைக் காவல் காக்கத் தொடங்கிவிடும்.

உலகச் சட்டமும் இத்திசையிலேயே வந்து சேர்ந்திருப்பது கருதத்தக்கது. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்திற்கான 1998ஆம் ஆண்டின் ரோம் சாசனம், தம் வீரர் செய்யும் போர்க்குற்றங்களைத் தளபதி அறிந்திருந்தாலும், சூழ்நிலைகளை நோக்க அறிந்திருக்க வேண்டியவராயிருந்தும் தடுக்கத் தவறினாலும், அவரைப் பொறுப்பாக்குகிறது. 'அறிந்திருக்க வேண்டியவர்' என்னும் அத்தொடர், போர்க்குற்றங்களுக்கென எழுதப்பட்டது. ஆனால் அதன் அறக்கருத்து முகாமின் கழிவுக் குழிக்கும் பொருந்தும்.

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் அபர்டீன் என்னும் படைத்துறைப் பரிசோதனைத் தளத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். வேதிப்போர் ஆய்வில் உயர் பதவி வகித்த மூன்று பொறியாளர்கள் மீது, ஆபத்தான கழிவைச் சட்டத்திற்குப் புறம்பாகச் சேமித்தும் அகற்றியும் வந்ததாக வழக்குத் தொடரப்பட்டது. அவர்கள் சீருடை அணியாத அரசு அலுவலர். துறையில் புகழ் பெற்றவர்கள். இதனால் ஒரு காசும் ஆதாயம் பெறாதவர்கள். நச்சுப் பீப்பாயைத் தம் கையால் கவிழ்த்தவர்களும் அல்லர். அவர்தம் ஆளுகைக்கு உட்பட்ட இடங்களில் அது நடந்தது. நாட்டின் பாதுகாப்புக்கான பணியில் இருந்தோம் என்பதும், சட்டத்தின் நுணுக்கம் தெரியாது என்பதும் அவர்களைக் காக்கவில்லை. 1989இல் அவர்கள் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. சிறைக்குப் பதில் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 1,000 மணி நேரச் சமூகப் பணியும் விதிக்கப்பட்டன. 1990இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது.

அறிவாளிகள் எவ்வாறு இந்நிலைக்கு வந்தனர்? நம் கருத்தில், அவர்கள் தம் பணியைப் பெரிய பணி, சிறிய பணி என இரண்டாகப் பிரித்தனர். ஆயுத ஆய்வு பெரிய பணி, அது அவர்களுடையது. குப்பை சிறிய பணி. அது வேறு எவருடையதோ. தலைமையின் சோதனை, தலைவர் சிறியதெனக் கருதும் இடத்தில்தான் நிகழ்கிறது.

மரங்கொத்தி கற்பித்த பாடம்

"படையின் முதற்கடமை நாட்டைக் காப்பது. மரத்தையும் பறவையையும் காப்பது ஆடம்பரம்" என்பார் உளர். இவ்வாதத்தில் உண்மையின் ஒரு கூறு உள்ளது. பயிற்சியற்ற படை எவரையும் காவாது. ஆயினும் இரு கடமைகளும் ஒன்றையொன்று கொல்ல வேண்டும் என்பதில்லை.

வட கரோலினாவிலேயே உள்ள பிராக் கோட்டை, வான்குடை வீரர்களின் பெருந்தளம். அங்குள்ள நீண்ட ஊசியிலைப் பைன் காடுகளில், கன்னத்தருகே சிறு சிவப்புத் தூவி கொண்ட ஒருவகை மரங்கொத்தி வாழ்கிறது. உயிரோடு நிற்கும் முதிர்ந்த பைன் மரத்தில் மட்டுமே அது பொந்து குடையும். ஒரு பொந்துக்குச் சில ஆண்டுகளும் ஆகும். அழியும் நிலையில் இருந்த அப்பறவையின் வாழ்வைப் படையின் நடவடிக்கைகள் ஆபத்துக்குள்ளாக்குவதாக 1990இல் அந்நாட்டு வனவுயிர்த் துறை அறிவித்தது. பொந்துள்ள மரங்களில் வெள்ளைப் பட்டை தீட்டப்பட்டது. அவற்றைச் சூழப் பயிற்சிக்குத் தடைகள் வந்தன. வீரர்களுக்கு எரிச்சல், உயிரியலாளர்களுக்குக் கவலை. இரு சாராரும் ஒருவரையொருவர் தடைக்கல்லாகவே கண்டனர்.

பின்னர் நிலைமை மாறியது. பறவையை அறிந்தவர்களும் பயிற்சியை அறிந்தவர்களும் ஒரே மேசையில் அமரத் தொடங்கினர். பேசியபோது வியப்பான உண்மை ஒன்று தெளிவாயிற்று. அக்காடு செழிக்க அடிக்கடி எழும் சிறு தீ வேண்டும். புதர் மண்டினால் மரங்கொத்தி அங்கே வாழாது. பீரங்கிப் பயிற்சித் திடல்களில் எழுந்த தீ, பல்லாண்டுகளாக அக்காட்டைத் திறந்த காடாகக் காத்து வந்திருக்கிறது. பகையென எண்ணியவை துணையாகவும் இருந்துள்ளன! தளத்திற்கு வெளியே இருந்த நில உரிமையாளர்களோடும் இயற்கைக் காப்பு அமைப்புகளோடும் உடன்பாடுகள் செய்யப்பட்டன. பறவைகள் பெருகப் பெருகப் பயிற்சித் தடைகள் தளர்ந்தன. அப்பகுதிக்கு வகுத்திருந்த இலக்கான 350 இனப்பெருக்கக் குழுக்களைக் குறித்த காலத்திற்கு முன்பே எட்டிவிட்டதாக 2006இல் அறிவிக்கப்பட்டது. 2024இல் அப்பறவை 'அழியும் நிலை'யிலிருந்து அதனினும் ஆபத்துக் குறைந்த நிலைக்கு மாற்றப்பட்டது.

இங்கே தலைவர்கள் உயிரியலாளர்களாக மாறிவிடவில்லை, மாறவும் வேண்டியதில்லை. அறிந்தவர்கள் பேசுவதற்கு இடம் தந்தனர். அச்சொல்லைத் திட்டத்தில் ஏற்றனர். பணியாளர் நிர்வாகம் என்று பெரிய பெயரால் அழைக்கப்படுவதன் உயிர்நாடி இதுவே.

இதற்குத் தடையாய் நிற்பவை மூன்று என நாம் கருதுகிறோம். முதலாவது அச்சம். கெட்ட செய்தி கொண்டு வந்தவரே கெட்டவராகக் கருதப்படுமிடத்தில், நல்ல செய்தி மட்டுமே மேலே ஏறும். கீழ்ப்படிதல் வேறு, வாய்மூடியிருத்தல் வேறு. கண்டதை உள்ளவாறு சொல்வதும் கீழ்ப்படிதலின் ஒரு பகுதியே. இரண்டாவது மதிப்பீடு. துப்பாக்கி துடைத்திருக்கிறதா என்று பார்க்கும் தலைவரின் வீரர்கள் துப்பாக்கியைத் துடைப்பர். எண்ணெய்ப் பீப்பாயின் அடியில் ஈரம் இருக்கிறதா என்று அவர் குனிந்து பார்த்தால், அதையும் அவர்கள் பார்ப்பர். தலைவரின் கண் போகுமிடமே படையின் கை போகுமிடம். மூன்றாவது காலம். தளபதிகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்றலாகிச் செல்கிறார்கள். நிலத்தடியில் இறங்கிய நஞ்சோ முப்பது ஆண்டுகள் இருக்கிறது. எனவே எந்தத் தளபதிக்கும் அது 'என் காலத்தில்' நடந்ததாகத் தோன்றுவதில்லை. முன்னவர் விட்டுச் சென்ற குறையைத் தமதாக ஏற்று, பின்னவருக்கு மறைக்காமல் எழுதி வைக்கும் தலைவரே இத்தடையை உடைக்க வல்லவர்.

இடித்துரைக்கும் துணையைத் தேடிக் கொள்ளாத அரசன் அழிவதற்குப் பகைவர் தேவையில்லை என்பது வள்ளுவர் நெறி. அதைப் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்னும் அதிகாரத்தில் அவர் வைத்தார். சோதனைத் தாளின் அடியில் கையால் எழுதும் ஊழியரும், அத்தருணத்தில், அப்பெரியாருள் ஒருவரே.

தம் மலைக்குத் திரும்பியவர்கள்

நம் நாட்டிலும் நம்பிக்கை தரும் சான்று உண்டு. டேராடூனுக்கு மேலுள்ள முசோரி மலைகள் சுண்ணாம்புக்கல் குவாரிகளால் தோலுரிக்கப்பட்டிருந்தன. 1982 டிசம்பரில் பிராந்திய இராணுவத்தின் 127ஆம் பட்டாளம், கட்வால் பகுதியின் முன்னாள் வீரர்களைக் கொண்டு, அம்மலைகளை மீட்பதற்கென்றே அமைக்கப்பட்டது. நம் நாட்டின் முதல் சுற்றுச்சூழல் பட்டாளம் அதுவே. 1985இல் உச்ச நீதிமன்றம் அங்கே பல குவாரிகளை மூட ஆணையிட்டதும் அம்மீட்புக்குத் துணையாயிற்று. இராஜஸ்தானில் இந்திரா காந்தி கால்வாயோரம் மணல்மேடுகளை நிலைநிறுத்த 1983இல் மற்றொரு பட்டாளம் எழுந்தது. பின்னர் ஜம்மு, குமாவுன், இமாசலம், அசாம், மகாராஷ்டிரம் எனத் தொடர்ந்தது.

இத்திட்டத்தின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அவ்வீரர்கள் அம்மண்ணின் மைந்தர். எந்தச் சரிவில் மழைநீர் இறங்கும், எந்த ஊரின் ஆடுகள் எவ்வழி வரும் என்பதெல்லாம் அவர்கள் பிறந்து வளர்ந்து அறிந்தவை. நட்ட கன்று காய்ந்தால் அந்த இழப்பு அவர்களுடைய ஊரின் இழப்பு. படை ஒழுங்கும் ஊரறிவும் ஒன்றுசேர்ந்தபோது பாறை மீண்டும் பசுமை கண்டது. மேலிருந்து வந்த ஆணை, கீழிருந்தோரின் அறிவைத் தன்னுள் ஏற்றதால் விளைந்த பயன் அது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். மரம் நடுவது ஆணையால் நடக்கும், விழாவாகவும் நடக்கும், நிழற்படத்திலும் அழகாயிருக்கும். கசியும் தொட்டியைப் பற்றி ஒரு கடைநிலை ஊழியர் சொல்வதைக் கேட்பது விழாவாகாது. முன்னதைச் செய்வதால் பின்னதிலிருந்து விடுபட்டோம் என எந்தத் தலைவரும் எண்ணலாகாது.

நம் கிணற்றடியில்

இவற்றையெல்லாம் நாம் நீதியிருக்கையில் அமர்ந்து எழுதவில்லை. முன்பு நாம் பணியாற்றிய ஒரு பங்கில் மாணவர் விடுதி ஒன்று நம் பொறுப்பில் இருந்தது. திருவிழாவுக்குப் பத்து நாட்கள் இருக்கையில், சமையல் செய்யும் அம்மா வந்து நின்றார். "சாமி, கிணத்துத் தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குது" என்றார். நம் மேசையில் தேர்க் கணக்கும் பந்தல் கணக்கும் இருந்தன. "திருவிழா முடியட்டும் அம்மா, பார்க்கலாம்" என்றோம். அவரும் போய்விட்டார்.

கொடியிறக்கத்திற்கு முன்பே 11 மாணவர்கள் வயிற்றுப்போக்கோடு மருத்துவமனையில் கிடந்தனர். கழிவுநீர்த் தொட்டியில் விரிசல். ஊறிய நீர் கிணற்றை எட்டியிருந்தது. இறைவன் அருளால் எல்லோரும் நலமாகத் திரும்பினர். பின்னர் விடுதியின் பழைய குறிப்பேட்டைப் புரட்டியபோது, நாம் அப்பங்கிற்கு வருவதற்கு ஈராண்டு முன்பே அத்தொட்டியைப் பற்றி ஒரு வரி எழுதப்பட்டிருந்ததைக் கண்டோம். பங்குத்தந்தையரும் தளபதிகளைப் போலவே மாற்றலாகிச் செல்கிறவர்கள்தாமே. பெற்றோர் வந்து கேட்டபோது நம் வாயில் முதலில் வந்த சொல், "எங்களுக்குத் தெரியாது" என்பதே. அந்த அம்மா சற்றுத் தள்ளி நின்றிருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் முகத்தை நாம் பார்க்கவும் இல்லை.

எனவே, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு நம் விடை இது. அறியாமை தலைவரை விடுவிக்கும். ஆனால் அறிவதற்கான வழிகளைத் தாமே அடைத்துக் கொள்ளாதவரை மட்டும். தலைவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. தெரிந்தவர் அஞ்சாமல் வந்து சொல்லக்கூடியவராக அவர் இருக்க வேண்டும். படைத்தளத்திற்கு இது எவ்வளவு உண்மையோ, நம் இல்லத்திற்கும் பள்ளிக்கும் அலுவலகத்திற்கும் அவ்வளவு உண்மை. இதைப் படிக்கும் நீங்கள் பத்துப் பேருக்கு மேலாளராக இருக்கலாம். ஒரே ஒரு பணிப்பெண்ணுக்கு எசமானராக இருக்கலாம். கடைசியாக உங்களிடம் வந்து ஒருவர் ஒரு குறையைச் சொன்னது எப்போது என்று எண்ணிப் பாருங்கள். நெடுநாள் எவரும் வரவில்லையென்றால், குறையே இல்லை என்று மகிழ்ந்துவிட வேண்டாம்.

அந்நிகழ்ச்சிக்குப் பின் அந்த அம்மா நெடுநாள் நம்மிடம் எதையும் வந்து சொல்லவில்லை. கேட்டால், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு சாமி" என்பார். அச்சொல்லைவிடக் கடுமையான தண்டனையை நாம் பெற்றதில்லை. அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் மாலை வந்து, அடுக்களைக் கூரை ஒழுகுகிறது என்றார். எழுதிக் கொண்டிருந்ததை அப்படியே வைத்துவிட்டு, அவர் பின்னால் நடந்து போய்ப் பார்த்தோம்.